கேமிங் பிசி வாங்கப்போறீங்களா, விளம்பரத்துல போடாத பார்ட்ஸப் பாருங்க

என் சர்வீஸ் டேபிளுக்கு கேமிங் பிசி வந்தா நான் முதல்ல பாக்கறது கிராஃபிக்ஸ் கார்டு இல்ல, எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் மாத்திக் குடுக்கற பவர் சப்ளை பெட்டி. கார்டு என்னன்னு ஓனரே சொல்லிடுவாரு, பிராசஸர் பேரு, ரேம் எத்தன ஜிபின்னு எல்லாம் மனப்பாடமா இருக்கும். எஸ்எம்பிஎஸ் என்ன மாடல்னு கேட்டா தான் முழிப்பாங்க, "ஏதோ 600 வாட்ஸ்னு சொன்னாங்க சார்"னு வரும் பதில். நாமளே அசெம்பிள் பண்றதா இல்ல ரெடிமேடா வாங்கிடறதான்னு கேக்கறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கறது ரெண்டே கேள்வி: விளம்பரத்துல வராத பார்ட்ஸ யாரு செலக்ட் பண்ணது, நாளைக்கு மக்கர் பண்ணா எந்த பார்ட்டுன்னு யாரு கண்டுபிடிக்கப்போறா. ஸ்க்ரூ முறுக்கறதெல்லாம் விஷயமே இல்லங்க, பொறுமையா வீடியோ பாத்து செஞ்சா ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும்.

ரெடிமேட்ல பெருசா போடறது பிராசஸரும் கார்டும் தான், அதுலயே விளையாட்டு இருக்கு. வெறுமனே "ஐ7"னு போட்டிருந்தா அது 2011ல வந்த ஐ7 2600ஆ கூட இருக்கலாம், 2022ல வந்த ஐ3 12100 அத சுலபமா தாண்டிடும். கார்டும் அப்படித்தான், ஆர்டிஎக்ஸ் 3050ன்னு ஒரே பேருல 8 ஜிபியும் இருக்கு 6 ஜிபியும் இருக்கு, மெமரி மட்டும் தான் கம்மின்னு நெனச்சிடுவோம், உள்ள கணக்குப் போடற கோர் 2560ல இருந்து 2304ஆ குறையும், மெமரிக்குப் போற பாதையான மெமரி பஸ் 128 பிட்ல இருந்து 96 ஆகிடும். ஜிடி 1030ங்கற கார்டு இன்னும் மோசம், ஜிடிடிஆர்5ங்கற வேகமான மெமரி போட்ட மாடல்ல நொடிக்கு 48 ஜிபி போற மெமரி வேகம் டிடிஆர்4 மாடல்ல 16.8 தான், ஆனா பேரு ஒண்ணே. அதனால முழு மாடல் நம்பர் இல்லாத விளம்பரத்த நான் விளம்பரமாவே எடுத்துக்கறது இல்ல.

ரேம்ல 16 ஜிபின்னு போட்டு ஒரே ஸ்டிக்கா சொருகியிருப்பாங்க. ரெண்டு 8 ஜிபியா போட்டா தான் டூயல் சேனல், அதாவது ரெண்டு பாதையில ஒரே நேரத்துல டேட்டா போறது, வேலை செய்யும், பிராசஸர் திணர்ற கேம்ல எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தன ஃப்ரேம் ஓடுதுங்கற கணக்கு) திடீர் திடீர்னு விழறதுக்கு பல தடவ இதான் காரணம்.

இப்ப எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம், பணத்த மிச்சம் பிடிக்கறவங்க மொத கை வைக்கற எடம் இதான். சைடுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு பாருங்க, அத 12ஆல பெருக்குங்க. 600 வாட்ஸ்னு பெருசா எழுதியிருக்கும், 12 வோல்ட்ல 30 ஆம்பியர் தான் இருக்கும், அப்ப 360 வாட்ஸ் தான் வருது. பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் இழுக்கறது அந்த 12 வோல்ட்ல இருந்து தான், மிச்சத்த வச்சு என்ன பண்றது? 80 பிளஸ் கோல்டு, 80 பிளஸ் புரோன்ஸ்னு போட்டிருந்தா கண்ண மூடிட்டு நம்பிடாதீங்க, அது கரண்ட்ட எவ்வளவு வீணாக்காம மாத்துதுங்கறதுக்கான சர்டிபிகேட், உள்ள கெப்பாசிட்டர் தரமானதா, ஷார்ட் ஆனா கட் ஆகுமாங்கறதுக்கெல்லாம் அது பதில் சொல்லாது.

இன்னொண்ணு, இன்டெல் 1995ல கொண்டுவந்த ஏடிஎக்ஸ்ங்கற பொது அளவ ஒட்டி தான் ஊர்ல உள்ள மதர்போர்டு, கேபினெட், எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் வருது, ஆனா சில ரெடிமேட் கம்பெனிங்க சொந்தமா ஒரு போர்டு, சொந்தமா ஒரு பவர் கனெக்டர்னு வச்சிருப்பாங்க. எஸ்எம்பிஎஸ் போச்சுன்னா கடையில கெடைக்கறத வாங்கி மாட்ட முடியாது. வாங்கறதுக்கு முன்னாடி உள்பக்க போட்டோ கேளுங்க, மதர்போர்டுல ஏடிஎக்ஸோட 24 பின் பவர் கனெக்டர் இருக்கான்னு பாருங்க.

இதுக்காக அசெம்பிள் பண்றவங்க எல்லாம் புத்திசாலின்னு சொல்ல வரல. "டிஸ்ப்ளே வரல"ன்னு தூக்கிட்டு வர்றதுல பாதி, ஹெச்டிஎம்ஐய கார்டுல குத்தாம மதர்போர்டுல குத்தினது. அங்க படம் வர பிராசஸருக்குள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கணும், இன்டெல்ல எஃப்னு முடியற பிராசஸர்ல கிராஃபிக்ஸே கெடையாது, அங்க எப்படி படம் வரும். டிடிஆர்5 போர்டு முதல் தடவ ஆன் பண்ணும்போது ரேம ட்ரெயினிங் பண்றேன்னு (ரேமுக்கு ஒத்துவர்ற செட்டிங்க அதுவே தேடறது) சில நிமிஷம் கருப்பா நிக்கும், அதுக்குள்ள பயந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, மறுபடி ஆஃப் பண்ணின்னு ஓட்டிட்டு இருப்பாங்க. 6000 ஸ்பீடு ரேம் வாங்கிட்டு மதர்போர்டோட செட்டிங்ஸான பயாஸ்ல, ரேம முழு ஸ்பீடுல ஓட்டற எக்ஸ்எம்பி இல்லன்னா எக்ஸ்போவ ஆன் பண்ணாம 4800லயே வருஷக்கணக்கா ஓட்டறவங்களும் இருக்காங்க.

இதெல்லாம் சின்ன விஷயம், உண்மையிலேயே வயிறு எரியறது மாடுலர் கேபிள், அதாவது எஸ்எம்பிஎஸ்ல இருந்து தனியா கழட்டி மாட்டற கேபிள், அதுல வர்ற கோளாறு தான். எஸ்எம்பிஎஸ் மாத்தும்போது பழைய கேபிள் அழகா கட்டியிருக்கேன்னு அப்படியே விட்டுட்டு புது பெட்டியில குத்திடறாங்க. ஹார்ட் டிஸ்க் பக்கம் இருக்கற முனை எல்லாத்துலயும் ஒண்ணு தான், ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த பின்ல எந்த வோல்ட்டுங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒரே கம்பெனிலயே மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போகவேண்டிய லைன்ல 12 வோல்ட் போச்சுன்னா டிஸ்க் அங்கயே காலி, போட்டோ எல்லாம் அதோட போயிடும்.

விலை விஷயத்துல நிலையான பதில் கெடையாது. 2020, 2021ல கார்டே கெடைக்காத நேரத்துல ரெடிமேட் வாங்கினவங்க தான் பொழச்சாங்க, மொத்தமா வாங்கற கம்பெனிக்கு ஸ்டாக் கெடைச்சது, தனியா தேடினவங்களுக்கு கெடைக்கல. வாங்கற வாரத்துல அதே பார்ட்ஸ தனித்தனியா கூட்டிப் பாருங்க, விண்டோஸ் லைசென்ஸையும் சேத்து.

வாரண்டி தான் ரெண்டையும் பிரிக்கற எடம். ரெடிமேட்ல ஒரே எடத்துல குடுத்துட்டு வந்துடலாம். நீங்களே மாட்டினதுல ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி வாரண்டி, சில சமயம் அதிக வருஷமே இருக்கும், ஆனா கெட்டது ரேமா போர்டான்னு நீங்க சொல்லணும், அத சொல்ல மாத்திப்போட்டுப் பாக்க இன்னொரு ரேம், இன்னொரு எஸ்எம்பிஎஸ் கையில வேணும். வீட்ல யாருக்கு அது இருக்கு? அதனால நோண்டறதுல ஆர்வம் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது நடுவழி, பார்ட்ஸ நீங்க செலக்ட் பண்ணுங்க, மாட்டற வேலைய கடையில விடுங்க, பில்லுல எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு உட்பட ஒவ்வொண்ணுக்கும் முழு மாடலும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்க, காலி டப்பா, மிச்ச கேபிள் எல்லாத்தையும் கேட்டு எடுத்துட்டு வாங்க. மாடல் எழுதித் தர மாட்டேன்னு சொல்ற கடையில வாங்காதீங்க.