கடுகளவு கெபாசிட்டர் லேப்டாப்பைப் படுக்க வைப்பது எப்படி?

பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிவதில்லை, விசிறியும் சுற்றுவதில்லை. உடனே "மதர்போர்டு போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். போர்டில் நூற்றுக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன, பல சமயம் அவற்றில் ஒன்றுதான் கெட்டிருக்கும். அதை மாற்றுவது சில நிமிட வேலை. எது என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை.

மின்சாரம் வரும் வழியிலேயே நாமும் போகவேண்டும். அடாப்டர் தருவது பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட். அது ஒரு ஃபியூஸையும் இரண்டு மாஸ்ஃபெட்களையும் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்சுகள்) கடந்து பிரதான மின்பாதைக்கு வருகிறது. அங்கிருந்து பிரிந்து 5 வோல்ட், 3.3 வோல்ட், நினைவகத்துக்கு ஒன்றேகால் வோல்ட் அளவில், ப்ராசசருக்குச் சுமார் 1 வோல்ட் என்று இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பக்கத்தில் சதுரமாக ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், உட்கார்ந்திருக்கும். மல்டிமீட்டர் முனையை வைக்க வசதியான இடம் அதுதான்.

முதலில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். அது இணைப்பில் இருக்கும்வரை அணைத்த லேப்டாப்பிலும் மின்சாரம் உண்டு. உப்பிய பேட்டரி என்றால் குத்துவதோ வளைப்பதோ கூடவே கூடாது. அப்புறம் அடாப்டரையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு காயிலுக்கும் கிரவுண்டுக்கும் (போர்டு முழுக்கப் பொதுவான பூஜ்ய வோல்ட் இணைப்பு) இடையே எத்தனை ஓம் என்று அளக்கலாம். பிரதான பாதையில் ஆயிரக்கணக்கான ஓம் காட்டினால் நல்லது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஷார்ட், அதாவது மின்சாரம் குறுக்கு வழியில் நேரே கிரவுண்டுக்கு ஓடுகிறது. ப்ராசசர் பாதை மட்டும் விதிவிலக்கு: நல்ல போர்டிலேயே அங்கு சில ஓம், சிலவற்றில் அதற்கும் கீழே காட்டும். மீட்டர் பீப் அடித்ததும் ப்ராசசரையே குற்றவாளியாக்கிவிடக் கூடாது.

சரி, பிரதான பாதையில் ஷார்ட். இனிமேல்தான் சிக்கல். அந்தப் பாதையில் மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கும் பீங்கான் கெபாசிட்டர்கள் பல, பக்க இணைப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய உலோக அடுக்குகள், நடுநடுவே பீங்கான். போர்டு கொஞ்சம் வளைந்தாலும் பீங்கானில் விரிசல் விழலாம், விரிசல் வழியே அடுக்குகள் தொட்டுக்கொள்ளலாம். ஒன்று ஷார்ட் ஆனாலும் எல்லாவற்றின் மீதும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் எல்லாவற்றின் முனைகளும் ஒரே செம்பில்தான் சேர்கின்றன. வெளியே பார்த்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

இங்கேதான் வெப்பம் உதவிக்கு வருகிறது. மின்னோட்டத்தை அளவாக வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 1 வோல்ட், இரண்டு மூன்று ஆம்பியர் வைத்து அந்தப் பாதையில் செலுத்துவார்கள். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பொறுத்தது. ஷார்ட் ஆன இடத்தில் 0.1 ஓம் இருந்து 3 ஆம்பியர் ஓடினால் 0.9 வாட். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் கடுகளவு பொருளுக்குள் அவ்வளவும் இறங்கினால் அது சுட்டுவிடும். அகலமான செம்புப் பாதையின் தடை இதைவிட மிகக் குறைவு என்பதால் அது அவ்வளவாகச் சூடாகாது. வெப்பக் கேமரா இல்லாதவர்கள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவிவிட்டுப் பார்ப்பார்கள். முதலில் எந்த இடம் காய்கிறதோ, ஆள் அங்கே. (கெபாசிட்டர்தான் என்றில்லை, மாஸ்ஃபெட்டாகவும் இருக்கும்.) ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், ஆவியும் நல்லதல்ல, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஏன் 19 வோல்ட்டை விடாமல் 1 வோல்ட்? இறக்கிக் கொடுக்கும் மாஸ்ஃபெட் ஒன்று உள்ளே ஒட்டிப்போயிருந்தால், நாம் கொடுப்பது நேரே ப்ராசசருக்குப் போகும். 1 வோல்ட் என்றால் அது தாங்கும்.

கெட்டதை எடுத்ததும் மறுபடி அளக்க வேண்டும். ஷார்ட் மறைந்தால் அதே மைக்ரோஃபாரட், 25 வோல்ட் தாங்கும் கெபாசிட்டரைப் போடலாம். ஈயமில்லாத சால்டர் உருகுவதற்கே 217 டிகிரி செல்சியஸ் வேண்டும், கிரவுண்ட் செம்போ வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) தாராளமாக, போர்டுக்கு அடியிலிருந்தும் கொஞ்சம் சூடு. ஷார்ட் ப்ராசசருக்கு உள்ளேயே இருந்தால் மட்டும் வீட்டு மேஜையில் அதற்கு வழியில்லை.