தண்ணீர் வராத நேரத்தில்தான் குழாய்க்குள் சாக்கடை நுழைகிறது

"தண்ணி நாத்தம் அடிக்குது" என்று புகார் வந்தால், குடிநீர்க் குழாய் வேலையில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் முதலில் கேட்பது இதுதான்: முதல் பத்து நிமிடம் மட்டுமா, கடைசி வரைக்குமா? முதலில் கலங்கி வந்து அப்புறம் தெளிந்துவிட்டால், பெரும்பாலும் உங்கள் தெரு லைனிலோ வீட்டு இணைப்பிலோ ஓட்டை இருக்கிறது.

வேலூரில் தண்ணீர் முறை வைத்துத்தான் விடப்படுகிறது. விடும்போது அழுத்தம் இருப்பதால் ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். வால்வை மூடியதும் லைன் காலியாகி, வெளியே தேங்கிய சாக்கடை அதே ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். கொசப்பேட்டை, சைதாப்பேட்டை மாதிரி பழைய பகுதிகளின் குறுகலான சந்துகளில் சாக்கடைக் கால்வாயும் குடிநீர்க் குழாயும் ஒட்டியேதான் போகும். வீட்டு இணைப்புக் குழாய் கால்வாய்க்குள்ளேயே கிடப்பதும் சகஜம். இதில் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால், பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குறைவதோடு அந்தச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். தரையடித் தொட்டியில் பிடித்து, அங்கிருந்து மாடிக்கு ஏற்றுங்கள்.

டேங்கில் குளோரின் போட்டாச்சே என்பார்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருந்தால்தான் அது பாதுகாப்பு. சாக்கடை கலந்தால் அந்தக் குளோரின் வழியிலேயே தீர்ந்துவிடும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் ஒரே தெருவில் வரிசையாக வருவது இப்படித்தான்.

பாலாற்று ஊற்றுநீர் போதாமல் காவிரித் தண்ணீரை மேட்டூர்ப் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவருகிறோம். அது கடைசித் தெருவில் மண்ணுக்குள் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, பழைய குழாய்களை ஏன் மாற்றுவதில்லை? பணம்தான். 2016இல் மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வேலூர் சேர்ந்தது. இப்படி வரும் திட்டப் பணம் பெரும்பாலும் புதிதாகக் கட்டத்தான். கட்டியதை வருடா வருடம் பழுது பார்க்கச் சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும்தான் கை கொடுக்க வேண்டும். ஆனால் சென்னை தவிர்த்த ஊர்களில் 2008க்குப் பிறகு 2022 வரை சொத்து வரி உயர்வு எதுவும் நிலைக்கவில்லை; 2018இல் ஏற்றியதையும் 2019இல் நிறுத்திவைத்தார்கள். 2022இல் குடியிருப்புகளுக்கு, வீட்டின் அளவைப் பொறுத்து, 25 முதல் 100 சதவீதம் வரை ஒரே அடியாக ஏற்றினார்கள். ஜனங்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த 14 வருடமும் இரும்புக் குழாய் துருப்பிடித்துக்கொண்டேதான் இருந்தது. வருடத்துக்குக் கொஞ்சம் ஏற்றுவதே நல்லது என்பது என் கருத்து. கூடவே, அந்தப் பணத்தில் எத்தனை மீட்டர் பழைய குழாய் மாறியது என்று வார்டு வாரியாக எழுதி ஒட்ட வேண்டும். கணக்கைக் காட்டாமல் வரி கேட்டால் யார் மனதாரக் கட்டுவார்கள்?

நீங்கள் செய்யக்கூடியது: தண்ணீர் விடும் நாளில் முதலில் வருவதைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். தெளிந்த பிறகு பிடித்ததையும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கால்வாய்க்குள் கிடக்கும் இணைப்புக் குழாயை மேலே தூக்கி மாற்றுங்கள். தெருவில் புது ரோடு போடப்போகிறார்கள் என்று தெரிந்த உடனே, அதற்கு முன்பே பழைய லைனை மாற்றச் சொல்லித் தெருக்காரர்கள் சேர்ந்து கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். ரோடு போட்ட பிறகு கேட்டால், புது ரோட்டை வெட்ட யாரும் லேசில் அனுமதிக்க மாட்டார்கள்.