‘பாத்துக்கலாம் சார்’ என்றால் முடியாது என்று அர்த்தம்

ஒரு கட்டட வேலை ஏன் இழுக்கிறது என்று கேட்டால், எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பதில் ‘ஆள் கிடைக்கலை’ என்பதுதான். நானும் பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கோவையில் ஒரு அடுக்குமாடி சைட்டில் மூன்றாவது தளம் போட்ட நாளில்தான் அந்த எண்ணம் மாறியது.

அன்று ஆள் குறைவே இல்லை. சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடைத்து, கம்பியும் கட்டியாகிவிட்டது. காலை ஏழு மணிக்கே கான்கிரீட் கலவையோடு ரெடிமிக்ஸ் வண்டி வாசலில் நிற்கிறது. மேலே ஏறிப் பார்த்தால் இரண்டு அறைகளில், கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டிய ஃபேன் மாட்டும் பாக்ஸ் இல்லை, வயர் போகும் பைப்பும் ஓட்டவில்லை. எலக்ட்ரீஷியனுக்குச் சாமானே முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருக்கிறது. கட்டிய கம்பியை அங்கங்கே அவிழ்த்து அவர் பைப்பை நுழைக்க, கீழே கலவை டிரம்மில் சுற்றிக்கொண்டிருந்தது. கலவை ஏற்றியதிலிருந்து பொதுவாக 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். முதல் வண்டியைத் திருப்பி அனுப்பினோம். கான்கிரீட் கேங் முழுவதும் மதியம் வரை நிழலில் உட்கார்ந்திருந்தது.

சாமான் வரவில்லை என்பது மேஸ்திரிக்கு நான்கு நாள் முன்பே தெரியும். “செவ்வாய்க்கிழமை தளம் போட்டுரலாம்ல?” என்று நான் கேட்டபோது, “பாத்துக்கலாம் சார்” என்றார். முடியாது என்று சொல்ல நான் அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்தில் உற்பத்தி முறையை வகுத்த தைஇச்சி ஓனோ வீண் என்று பட்டியலிட்ட ஏழில் காத்திருப்பும் ஒன்று. சாமானைத் தேவையில்லாமல் இடம் மாற்றுவது இன்னொன்று. சம்ப் தோண்ட வேண்டிய இடத்திலேயே எம்.சாண்டைக் கொட்டிவிட்டு, பிறகு சித்தாள் வைத்து அள்ளுகிறோமே, அதுதான். இந்தச் சிந்தனையைக் கட்டுமானத்துக்குப் பொருத்தி 1992-இல் ஃபின்லாந்து ஆய்வாளர் லௌரி கோஸ்கெலா ஓர் ஆய்வறிக்கை எழுதினார். அமெரிக்காவில் கிளென் பாலார்டு, கிரெகரி ஹவெல் என்ற இரண்டு கட்டுமான ஆய்வாளர்கள் சைட்டுகளின் வாரத் திட்டங்களை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். இந்த வாரம் முடியும் என்று எழுதிய வேலைகளில் ஏறத்தாழ பாதிதான் முடிந்திருந்தது. அதற்கு மாற்றாக அவர்கள் உருவாக்கியதுதான் ‘லாஸ்ட் பிளானர்’ முறை. களத்தில் வேலையை நடத்துகிறவரே தேதி சொல்ல வேண்டும், அதுவும் தடை எல்லாம் நீங்கிய வேலைக்கு மட்டும்.

எங்கள் சைட்டில் இதற்குச் சாஃப்ட்வேர் எதுவும் வாங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், கூலி கொடுப்பதற்கு முன்னால், சென்ட்ரிங், கம்பி, எலக்ட்ரிக்கல், பிளம்பிங் ஆட்கள் எல்லோரும் சுவரில் ஒட்டிய சார்ட்டின் முன் நிற்போம். ஒவ்வொருவரும் தன் வேலையைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டுவார். ஒட்டும் முன் ஐந்து கேள்வி: டிராயிங் இருக்கா, சாமான் வந்தாச்சா, ஆள் இருக்கா, முந்தின வேலை முடிந்ததா, ஏறி நின்று செய்ய இடம் பத்திரமா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் சீட்டு ஒட்டக்கூடாது. அந்த ‘இல்லை’யைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. அடுத்த சனிக்கிழமை, சொன்னதில் எத்தனை முடிந்தது என்று எண்ணுவோம். முடியாததற்குக் காரணம் கேட்போம், ஆனால் யாரையும் திட்டக்கூடாது. ஒரு தடவை திட்டினால் போதும், அடுத்த வாரம் மறுபடி ‘பாத்துக்கலாம் சார்’ வந்துவிடும்.

ஆரம்பத்தில் பாதிகூட முடியவில்லை. காரணங்களை எழுதிப் பார்த்தபோது பெரும்பாலானவை ஆபீஸ் பக்கம்தான் இருந்தன: தாமதமான டிராயிங், பாஸ் ஆகாத பில், ஆர்டர் போடாத சாமான். அதுவரை திட்டு வாங்கியதெல்லாம் கொத்தனார்கள்.

சொந்த வீடு கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காத்திருந்து இழந்த நாட்களை ஈடுகட்டச் சிலர் சென்ட்ரிங்கைச் சீக்கிரம் கழற்றுவார்கள். தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000). அதிலும் சாதாரண சிமெண்டுக்கான கணக்கு அது, சாம்பல் போன்றவை கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் இன்னும் சில நாள் விட வேண்டியிருக்கும், இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றும் நாட்களையும் குறைக்க விடாதீர்கள்.

ஐந்தாவது தளத்தைச் செவ்வாய்க்கிழமை போடலாமா என்று அதே மேஸ்திரியிடம் கேட்டேன். சார்ட்டைப் பார்த்துவிட்டு, “செவ்வாய் ஆகாது சார், ஃபேன் பாக்ஸ் இன்னும் வரலை. வியாழன் தர்றேன்” என்றார். ரெடிமிக்ஸ் ஆர்டரை வியாழனுக்கு மாற்றினேன். வியாழன் மதியத்துக்குள் தளம் போட்டு முடித்துவிட்டோம்.