ஏற்காட்டு குளிர்ல லாரிய ஸ்டார்ட் பண்ணிட்டு எவ்ளோ நேரம் ஓட விடணும்?

மார்கழி மாசம், காலைல அஞ்சரை மணி இருக்கும், ஏற்காடு ஏரி மேல பனிமூட்டம் இன்னும் கலையல, டீக்கடைக்கு எதிர்த்தாப்ல சில்வர் ஓக் மரம் ஏத்துன ஆறு சக்கர லாரி ஒண்ணு செல்ஃப் அடிக்குது. மொத தடவ இழுத்து இழுத்து சுத்திட்டு நின்னுடுச்சு. ரெண்டாவது தடவ பிடிச்சுச்சு, பிடிச்ச உடனே ஒரே வெள்ளைப் புகை, டீ கிளாஸோட நின்னவங்க எல்லாருக்கும் கண்ணு எரியுது, இன்ஜின் வேற தகர டப்பாவுல ஜல்லிய போட்டு ஆட்டுன மாதிரி டக்கு டக்குன்னு கத்துது. டிரைவர் அண்ணன் சாவகாசமா இறங்கி வந்து ஒரு டீ சொன்னாரு. எவ்ளோ நேரம்ணே ஓட விடுவீங்கன்னு கேட்டேன். "ஏர் ஏறட்டும் தம்பி"ன்னாரு. சூடாகட்டும்னு சொல்லல பாருங்க. அந்த விஷயத்துக்கு அப்புறம் வரேன், முதல்ல அந்தப் புகை எங்கிருந்து வருதுன்னு பாப்போம்.

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக்கும் கிடையாது தீப்பொறியும் கிடையாது. சைக்கிளுக்கு காத்தடிச்சிட்டு பம்போட அடிப்பக்கத்த தொட்டா சுடும்ல, அதே சமாச்சாரம் தான், காத்த சிலிண்டருக்குள்ள 17ல ஒரு பங்கா அமுக்குனா அந்த காத்தே அடுப்பு மாதிரி கொதிக்கும், அதுல டீசல பீச்சுனா தானா பத்திக்கும். ரூடால்ஃப் டீசல்ங்கற ஜெர்மன்காரர் 1897லயே இத ஓட்டிக் காட்டிட்டாரு. இப்போ கணக்கப் பாருங்க. சேலத்துல வெயில் நேரம், உள்ள போற காத்து 35 டிகிரின்னு வைங்க, அமுக்கி முடிக்கறப்போ ஏறக்குறைய 550 டிகிரிக்கு போயிடும். ஏற்காட்டுல விடிகாலை 15 டிகிரின்னா 500க்கு தான் வரும். அதாவது வாசல்ல 20 டிகிரி குறைஞ்சா உள்ள 50 டிகிரி குறையுது. இதுவும் காகிதக் கணக்கு தான், நிஜத்துல ராத்திரி முழுக்க ஜில்லுன்னு கிடந்த சிலிண்டர் சுவரு அந்த சூட்ட உறிஞ்சிடும். குளிர்ல பேட்டரியும் சோம்பேறி ஆயிடும், ஆயிலும் கெட்டியா இருக்கும், அதனால இன்ஜின் மெதுவா சுத்தும், மெதுவா சுத்துனா சூடு சுவத்துக்கு போக இன்னும் டைம் கிடைக்கும், பிஸ்டன் ரிங் சந்துல காத்தும் கசியும், ஆக எல்லாம் சேர்ந்து 500ங்கறது 300 பக்கம் வந்து நிக்கலாம். போதாக்குறைக்கு ஏற்காடு 1500 மீட்டர் உசரம், சேலத்த விட அங்க காத்தழுத்தமே ஏழுல ஒரு பங்கு கம்மி.

டீசல் பத்திக்க 200 சொச்சம் டிகிரி போதும், அதனால பத்தத்தான் செய்யும், ஆனா லேட்டா பத்தும். அந்த லேட்டுல தான் வம்பே. பீச்சுன டீசல் உடனே எரியாம சேர்ந்துக்கிட்டே இருந்து திடீர்னு மொத்தமா எரியுது, அது தான் அந்த டக்கு டக்கு. எரியாமலே வெளிய போற டீசல் துளிங்க தான் வெள்ளைப் புகை, கண்ணு எரியறதும் அதனால தான். கறுப்பா வந்தா டீசல் ஜாஸ்தி இல்ல காத்து பத்தல, நீலமா வந்தா ஆயில் எரியுது, அதுக்கு டீக்கடைல நின்னு பிரயோஜனம் இல்ல, மெக்கானிக்கு கிட்ட போங்க.

அடுத்தது ஆயில். கேன் மேல 15 டபிள்யூ 40ன்னு போட்டிருக்கும்ல, அந்த டபிள்யூங்கறது குளிர்காலத்த குறிக்குது. ஜவ்வரிசி கஞ்சிய சூடா இருக்கறப்போ ஊத்தலாம், ஆறிப்போனா கரண்டிய விட்டு இறங்காது, சேலத்துக்காரங்களுக்கு இத விட வேற உதாரணம் வேணாம். 100 டிகிரில இருக்கறத விட 40 டிகிரில இந்த ஆயில் ஏழெட்டு மடங்கு கெட்டி, 15 டிகிரில அதுக்கும் எவ்ளோவோ மேல. டர்போ (புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த தள்ளற விசிறி) இருக்கற வண்டின்னா அதோட ஷாஃப்ட் நிமிஷத்துக்கு லட்சம் சுத்து கூட சுத்தும், அது மிதக்கறதே ஆயில் படலத்து மேல தான், அங்க ஆயில் போய் சேர்றதுக்குள்ள விர்ரு விர்ருன்னு ரேஸ் பண்றவங்கள பாத்தா எனக்கு பல்லு கூசும்.

பிஸ்டன் கதை இன்னும் சுவாரசியம். நிறைய இன்ஜின்ல பிஸ்டன் அலுமினியம், அது ஏறி இறங்கற குழாயான லைனர் வார்ப்பிரும்பு, சூட்டுல அலுமினியம் இரும்ப விட ரெண்டு மடங்கு விரியும். அதனால குளிர்ல பிஸ்டன் லைனருக்குள்ள கொஞ்சம் லூசா ஆடுற மாதிரி தான் செஞ்சிருப்பாங்க (பிஸ்டன் முழு வட்டம் கூட கிடையாது, லேசா முட்டை வடிவம், சூடானா தான் வட்டமாகும்). இந்த நிலைமைல லோடோட மிதிச்சு ஏத்துனா தீக்கு நேரா நிக்கற பிஸ்டன் சட்டுன்னு விரியும், சுத்தி தண்ணி இருக்கற லைனர் நிதானமா தான் விரியும், இடைவெளி சுருங்கி உரசல் விழும்.

அப்போ எங்க மாமா மாதிரி அரை மணி நேரம் ஓட விட்டா நல்லது தானேன்னு கேப்பீங்க. நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நெனச்சேன். ஆனா டீசல் வண்டிய ஐட்லிங்ல, அதாவது நின்ன இடத்துலயே சும்மா ஓட விட்டு சூடாக்கறது மெழுகுவத்தில அண்டா தண்ணி காய வைக்கற வேலை. பெட்ரோல் வண்டில ஐட்லிங்ல காத்தையும் அடைச்சிடுவாங்க, டீசல் பெரும்பாலும் காத்த முழுசா இழுக்கும், டீசல மட்டும் சொட்டு சொட்டா எரிக்கும், உண்டாகற கொஞ்ச சூட்டையும் அந்த காத்தே வெளிய அள்ளிட்டு போயிடும். இன்ஜின் சூடானா தண்ணிய ரேடியேட்டருக்கு திறந்து விடற தெர்மோஸ்டாட் 80 டிகிரி பக்கம் தான் திறக்கும், சும்மா நிக்கற பெரிய இன்ஜின் அந்த சூட்ட தொடறதுக்குள்ள ரெண்டு டீ முடிஞ்சிடும். அதுக்குள்ள அரைகுறையா எரிஞ்ச டீசல் லைனர்ல இருக்கற ஆயில கழுவி கீழ ஆயில் தேங்கற சம்ப்புக்கு இறக்கிடும், ஆயில் நீர்த்துப் போகும், டீசல் பீச்சற இன்ஜெக்டர் மூக்குல கரி பிடிக்கும். பெரிய இன்ஜின் சும்மா நின்னே மணிக்கு ரெண்டு மூணு லிட்டர் குடிக்கும், அது தனிக்கணக்கு. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டின்னா இன்னும் மோசம், சைலன்சர்ல இருக்கற கரி வடிகட்டி தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்க நல்ல சூடான புகை வேணும், புகைல இருக்கற நச்சு வாயுவ குறைக்க யூரியா போடற சிஸ்டத்துக்கும் அப்படித்தான், ஐட்லிங்ல ரெண்டுக்குமே சூடு பத்தாது.

இப்போ ஏருக்கு வரேன். லாரில பிரேக் காத்துல வேலை செய்யுது, ராத்திரி நின்னதுல டேங்க்ல காத்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கும். காத்து இல்லன்னா ஸ்பிரிங்கே சக்கரத்த பிடிச்சு வைக்கற ஸ்பிரிங் பிரேக் வண்டில சுமார் 5 பார் (பார்ங்கறது காத்தழுத்த அளவு) ஏறுனா தான் பின் சக்கரத்து ஸ்பிரிங் முழுசா விலகும், அது வரைக்கும் வண்டிய நகத்தவே கூடாது. டிரைவர் அண்ணன் டேஷ்போர்டுல காட்டுனாரு, முள்ளு மெதுவா ஊர்ந்து 8 பக்கம் வந்ததும் அடியில புஸ்ஸுன்னு மிச்ச காத்து வெளிய போச்சு, பஸ்ஸர் சத்தம் அதுக்கு முன்னாடியே நின்னிருந்துச்சு. அந்த மூணு நாலு நிமிஷத்துல ஆயில் எல்லா இடத்துக்கும் போய் சேர்ந்துடுச்சு, புகையும் குறைஞ்சு அடங்கிடுச்சு. இன்ஜின் இன்னும் ஜில்லு தான், ஆனா அவருக்கு அது பிரச்சனை இல்ல, ஏன்னா அவரு இறங்கப் போறாரு. 20 கொண்டை ஊசி வளைவுலயும் இன்ஜினுக்கு இழுக்கற வேலை கிடையாது, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்து கியர்ல வண்டிய பிடிச்சா டீசல் உள்ள போறதே நின்னுடும். வேலையெல்லாம் பிரேக்குக்கு தான். அதனால மேல நிக்கறவன் காத்துக்காக காத்திருக்கணும், சூட்டுக்காக இல்ல.

கீழ இருந்து ஏர்றவன் கதை அப்படியே தலைகீழ். அவன் செவ்வாய்ப்பேட்டைல லோடு ஏத்திட்டு அடிவாரத்துல நிறுத்தி தூங்கி, காலைல எந்திரிச்சு ஜில்லு இன்ஜினோட நேரா மலைல மிதிச்சா தான் நான் சொன்ன பிஸ்டன் உரசல். அஸ்தம்பட்டில இருந்து கோரிமேடு வழியா நிதானமா வந்தான்னா அந்த சமதள ரோடே இன்ஜின சூடாக்கிடும், கியர்பாக்ஸ் ஆயிலும், பின் அச்சுல இருக்கற கிரவுன் பல்சக்கர ஆயிலும் கூடவே இளகிடும், அதுங்கள எவ்ளோ நேரம் ஐட்லிங்ல விட்டாலும் இளக்க முடியாது, வண்டி ஓடுனா தான் உண்டு.

ஐட்லிங் நிஜமாவே வேணும்னா அது மேல ஏறி முடிச்ச அப்புறம். 20 வளைவும் ஃபுல் லோடுல இழுத்துட்டு வந்த டர்போ பழுத்துக் கிடக்கும், வந்த வேகத்துல சாவிய திருப்புனா ஆயில் ஓட்டம் நின்னு உள்ள தங்குனது அங்கயே கருகி ஒட்டிக்கும். ஒரு ரெண்டு மூணு நிமிஷம் விட்டா போதும். ஆனா காலைல அரை மணி நேரம் ஓட விடற எங்க மாமா, சாயங்காலம் மேல வந்து சேர்ந்தா கதவத் திறக்கறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிடுவாரு.