மஞ்சள் கறுப்பாக விழுந்த காலம்

மஞ்சள் பட்டு உடுத்திய பெண், பின்னால் நீல வானம். இப்படி ஓர் ஓவியத்தை 1860களில் புகைப்படம் எடுத்தால் பட்டு கன்னங்கரேலென்று விழும், வானம் வெளிறிப்போகும். அன்றைய வெள்ளி உப்புப் பூச்சு நீல, ஊதா ஒளிக்குத்தான் மசியும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு.

போதாததற்கு, அச்சிட்ட படங்கள் சில வருடங்களிலேயே பழுப்பேறி மங்கின.

படம் மங்காமலிருக்க வழி கண்டவர் இங்கிலாந்தின் ஜோசப் ஸ்வான். 1864இல் அவர் காப்புரிமை பெற்ற கார்பன் முறையில் படத்தைத் தாங்குவது வெள்ளி அல்ல, கரித்தூள். கரி வெளிறாது. கரித்தூள் கலந்த ஜெலட்டினைத் தாளில் பூசி, அதை ஒளியை உணரச் செய்யும் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் நனைத்து உலர்த்தி, நெகட்டிவுக்கு அடியில் வெயிலில் வைப்பார்கள். ஒளி பட்ட ஜெலட்டின் இறுகிவிடும், படாதது வெந்நீரில் கரையும். ஆனால் இறுகுவது மேற்பரப்பிலிருந்து. அடியில் ஒட்டியிருப்பது இளகியே இருக்கும். அப்படியே கழுவினால் மெல்லிய நிழல்கள் பிய்ந்து போய்விடும். ஸ்வான் அந்தப் பூச்சை இன்னொரு தாளில் கவிழ்த்து ஒட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து கழுவினார். எவ்வளவு எளிமையான யோசனை! பழைய தாள் உரிந்து வரும், கறுப்புக் குழம்பு வழிந்தோடும், அடியிலிருந்து ஒரு முகம் மெல்ல எழும்பும்.

பிரான்சின் அல்சாஸ் பகுதியின் டோர்னாக்கில் புகைப்படத் தொழில் நடத்திய அடோல்ஃப் ப்ரௌன் 1866இல் இந்த முறைக்கு உரிமை வாங்கினார். பாசல், வியன்னா, ஃப்ளோரன்ஸ், பாரிஸ் என்று போய், அருங்காட்சியகங்களில் இருந்த பழைய கோட்டுச் சித்திரங்களைப் படமெடுத்தார். பெரும்பாலும் ஒரே நிறம் என்பதால் வண்ணச் சிக்கல் குறைவு. அப்புறம் இன்னொரு வசதி: கரிக்குப் பதில் செந்நிறப் பொடி கலந்தால், சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த சித்திரம் அதே சிவப்பில் அச்சாகும்.

சரி, வண்ண ஓவியங்கள்? 1873இல் பெர்லினில் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், பூச்சில் சில சாயங்களைச் சேர்த்தால் அது பச்சை, மஞ்சள் ஒளியையும் உணர்வதைக் கண்டார். சாயம் அந்த ஒளியை உறிஞ்சி, அதன் ஆற்றலை வெள்ளி உப்புக்குக் கடத்துகிறது. அதிலிருந்துதான் மஞ்சள் பட்டு மஞ்சளுக்குரிய வெளிச்சத்தோடு விழத் தொடங்கியது.

மருத்துவம் படித்த இத்தாலிய ஆய்வாளர் ஜோவான்னி மொரெல்லி, காது, விரல், நகம் வரைந்திருக்கும் விதத்தை வைத்தே ஓவியர் யாரென்று துப்புத் துலக்கியவர். தன் நூல்களில் சித்திரங்களைச் சுட்டும்போது ப்ரௌன் விற்ற படங்களின் எண்களையே கொடுத்தார். படிப்பவர் அந்தப் படத்தை வாங்கி, அந்தக் காதைத் தானே பார்த்துக்கொள்ளலாம்.