தினமும் எழுதுகிறவர்களே, ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகிவிடாது

ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போது நம் சிங்கப்பூரில் நிறைய பேருக்கு எழுதும் ஆசை வந்துவிடும். பட்டறைக்குப் போவார்கள், தேக்காவில் நல்ல நோட்டாகப் பார்த்து வாங்குவார்கள், ‘இனி தினமும் ஒரு பக்கம்’ என்று வாட்ஸ்அப் குழுவில் சபதம் போடுவார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கும்போது அவர்களில் சிலர் என் ஆலோசனை அறைக்கு வந்து உட்காருகிறார்கள். எழுத முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, எடுத்த காரியத்தை முடிக்கத் தெரியாத ஜென்மம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வருகிறார்கள். பேசப் பேசத்தான் அந்த நோட்டு விவகாரம் வெளியே வரும்.

சமீபத்தில் வந்தவர் நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மா. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுத அனுமதியும் வாங்கிவிட்டேன். அவர் இருந்த குழுவில் இரவு பன்னிரண்டு மணிக்குள் அன்றைக்கு எழுதியதைப் போட்டுவிட வேண்டும். போட்டவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், போடாதவருக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. அந்தப் பட்டியல் தினமும் காலையில் எல்லோருக்கும் போகும். ஐந்து வாரம் அவருக்கு வரிசையாகப் பச்சை. ஒரு நாள் இரவு மாமனாருக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சைப் பிரிவு, விடிய விடியக் காத்திருப்பு. காலையில் மருத்துவமனை லிஃப்டுக்காக நின்றபடி கைப்பேசியைத் திறந்தால், பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு. அந்த இடத்திலேயே குழுவை விட்டு வெளியேறினார். வீட்டுக்குப் போனதும் அதுவரை எழுதியதையெல்லாம் அழித்தார்.

“இருபத்தொரு நாள் தாண்டியும் பழக்கமாகலையே மேடம், அப்ப எனக்கு வராதுன்னுதானே அர்த்தம்?” என்றார்.

இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மாறிய முகம் நோயாளிகளுக்குப் பழகிப்போகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று 1960-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். அது அவர் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னது. ஆய்வு செய்து சொன்னதில்லை. அதுவும் கண்ணாடியில் புது மூக்கைப் பார்த்துப் பழகுவதைப் பற்றியது. வேலை முடிந்து, சமைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்த்து, அதன் பிறகு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வாய்வழியாகப் பரவியபோது ‘குறைந்தது’ காணாமல் போனது, ‘சுமார்’ காணாமல் போனது, எஞ்சியது 21 மட்டும்.

உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்தார்கள். ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் நடத்திய அந்த ஆய்வு 2010-இல் அச்சில் வந்தது. 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து 84 நாள் செய்து பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலை உணவுக்குப் பின் தண்ணீர், கொஞ்சம் உடற்பயிற்சி, இப்படி. யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலை வர ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள், நடுவாக 66 நாள். (84 நாள் ஆய்வில் 254 எப்படி என்று கேட்பவர்களுக்கு: அது போக்கைப் பார்த்து நீட்டிக் கணக்கிட்ட எண்.) தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி இழுத்தடித்தது. எழுதுவது இதில் எந்தப் பக்கம் சேரும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. அதை ஏன் யாரும் பரப்புவதில்லை என்றுதான் எனக்கு ஆற்றாமை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்பதற்கு அங்கே எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

சரி, அப்படியானால் அந்த அம்மா ஏன் நிறுத்தினார்? விட்டுப்போன அந்த இரவு அவரை நிறுத்தவில்லை. மறுநாள் காலை அவர் தனக்குக் கொடுத்துக்கொண்ட தீர்ப்புதான் நிறுத்தியது. குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் 1980-களிலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். இனித் தொடவே மாட்டேன் என்று இருந்தவர் ஒரு மிடறு குடித்துவிட்டால், அந்த மிடறைவிட ‘நான் அவ்வளவுதான், இனி என்ன?’ என்ற எண்ணமே அவரை மொத்தமாகச் சாய்க்கிறது. புகையை விட முயல்பவர்களிடம், உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் எங்கள் தொழிலில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். சபதம் எவ்வளவு கறாரோ, சறுக்கும்போது விழும் அடியும் அவ்வளவு பலம்.

குழு நடத்தும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தச் சிவப்புக் குறியை எடுத்துவிடுங்கள். வந்தவர்களை மட்டும் போடுங்கள். இரண்டு நாள் காணாமல் போனவரிடம் தனியாக, “வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று ஒரு வரி கேளுங்கள். எழுத்தைப் பற்றி அப்போது பேச வேண்டாம்.

இனி எழுதுகிறவர்களுக்கு.

உட்காருவது பழக்கமாகும், எழுதுவது ஆகாது. இந்த ஒன்று புரிந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். நோட்டைத் திறப்பது வரைதான் தானாக நடக்கும். அதற்குப் பிறகு வார்த்தையைத் தேடும் பாடு முதல் நாளும் இருக்கும், நூறாவது நாளும் இருக்கும். ‘இத்தனை நாள் ஆகியும் கஷ்டமாக இருக்கிறதே’ என்று பயந்து நிறுத்துபவர்கள் ஏராளம். கஷ்டமாக இருந்தால் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே பழக்க வேண்டியது உட்காருவதை. அதற்கு மணிக்கணக்கைவிட ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘இரவு ஒன்பதரைக்கு’ என்று வைத்தால் ஷிஃப்ட் மாறும்போது கலைந்துவிடும். என்னிடம் வந்த ஒரு பாதுகாவல் அதிகாரிக்கு ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. எந்த வாரமானாலும் வேலை முடிந்ததும் புளோக்கின் கீழே உள்ள காப்பிக் கடையில் ஒரு கோப்பி-ஓ குடிப்பார். கோப்பி மேசைக்கு வந்ததும் நோட்டைத் திறப்பது என்று வைத்தோம். கோப்பி ஆறும்வரை எழுதுவார், பிறகு மூடிவிடுவார். இன்றும் எழுதுகிறார். ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது எவ்வளவு வலுவானது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-லேயே எழுதிவிட்டார். எளிமையாக இருப்பதால்தானோ என்னவோ, யாரும் மதிப்பதில்லை.

விடும் நாளுக்கும் அதே மாதிரி முடிச்சுப் போடுங்கள், அதுவும் தொடங்கும் நாளிலேயே. ‘ஒரு நாள் விட்டால், மறுநாள் அதே இடத்தில் மூன்று வரி மட்டும்.’ மூன்றே வரி. நேற்றைய பாக்கியையும் சேர்த்து இரண்டு பக்கம் எழுதுகிறேன் என்று இறங்காதீர்கள். பாக்கி ஏறினால் நோட்டைத் திறக்கவே கை வராது.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். காலை ஏழரைக்குப் பள்ளி தொடங்கும் ஊரில், பள்ளிப் பேருந்துக்கு ஐந்தரைக்கே எழும் அம்மா இரவு ஒரு மணி வரை எழுதக் கூடாது. எழுத்தில் எனக்கு அக்கறை இருப்பதால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தினமும் எழுதுவதும் தினமும் வெளியிடுவதும் வேறு வேறு. எழுதியது உங்களோடே இருக்கட்டும், வாரத்துக்கு ஒன்று வெளியே போனால் போதும். லைக் எண்ணிக்கை ஏறினால் சந்தோஷம், இறங்கினால் துக்கம் என்று போனால், உட்காரவைப்பது எழுத்தா லைக்கா என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் ஒரு கட்டைவிரலால் தட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டு வலித்தால் தைலம் தடவிக்கொண்டு தொடராதீர்கள். கொஞ்ச நாள் குரலில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வலி போகாவிட்டால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். ‘மனதில் இருப்பதை எழுதினால் ஆறும்’ என்று கேள்விப்பட்டு, பழைய காயத்தைத் தினமும் நள்ளிரவில் கிளறுகிறவர்கள் இருக்கிறார்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் எழுதியது நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கும் மனம் கனக்கத்தான் செய்தது. வருடம் முழுக்க, முடிவே இல்லாமல் எழுதச் சொல்லி அவர் எங்கும் சொல்லவில்லை. எழுதும்போது உடல் நடுங்கினால், அழுகை நிற்காவிட்டால், அன்றைக்கு அந்தப் பக்கத்தை மூடிவிட்டுச் சமையலறையில் இருப்பவரிடம் போய்ப் பேசுங்கள். பேச யாரும் இல்லையென்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் 1767. அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், அழையுங்கள்.