ஒலி எந்த அடுக்கில் அறுந்தது? லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி ஒலி அட்டையும் அமெச்சூர் வானொலியும்

அமெச்சூர் வானொலியாளர்கள் கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்டி8 முறையில் அனுப்பப்படும் செய்தி, காதால் பிரித்தறிய முடியாத அளவுக்கு இரைச்சலில் மூழ்கியிருந்தாலும் கணினியால் படிக்கப்படும். இயற்பியலுக்கான 1993ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்ற இருவருள் ஒருவரான ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்கேயுடன் சேர்ந்து 2017இல் வெளியிட்ட இம்முறையில், ஒரு செய்தி 79 குறியீடுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு குறியீடும் 6.25 ஹேர்ட்ஸ் இடைவெளியில் அமைந்த எட்டுத் தொனிகளுள் ஒன்றாக 160 மில்லிவிநாடி ஒலிக்கிறது. வானொலிப் பெட்டி இவற்றைச் சாதாரண ஒலியாகவே வெளியிடுகிறது. ஆகவே 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு கொழும்பில் இயங்கும் ஒரு நிலையம் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், அதன் ஒவ்வொரு செய்தியும் ஓர் ஒலி அட்டையைக் கடந்தே ஆகவேண்டும். அந்த அட்டை பல இடங்களில், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய கட்டைவிரல் அளவான யூஎஸ்பி துண்டுதான்.

எஃப்டி8 செய்திகளைப் படிக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளைத் திறந்ததும், வரும் சைகைகளை மீடிறன்வாரியாகக் காட்டும் வாட்டர்ஃபோல் திரை வெறுமையாக இருந்தால், பலரும் அம்மென்பொருளின் அமைப்புகளையே முதலில் மாற்றத் தொடங்குகிறார்கள். அது தலைகீழான வழி. யூஎஸ்பி இணைப்பு, லினக்ஸின் மையமான கேர்னலின் இயக்கி, ஒலியைக் கையாளும் அல்சா, அதற்கு மேல் பைப்வயர் அல்லது பல்ஸ்ஓடியோ என்ற ஒலிச் சேவையகம், இறுதியில் மென்பொருள் என்று அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. கீழே அறுந்த ஒலியை மேலே தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

கீழிருந்து தொடங்கினால், எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளை அட்டையைப் பட்டியலில் காட்டுகிறதா என்பது முதற் கேள்வி. காட்டாவிட்டால் கம்பியையும் செருகுவாயையும் மாற்றிப் பார்க்க வேண்டும். காட்டினால், பொதுத் தரத்துக்கு அமைந்த எந்த அட்டைக்கும் கேர்னலிலேயே இயக்கி இருக்கிறது. பெட்டியோடு வரும் குறுந்தட்டை எறிந்துவிடலாம். அடுத்து, ஏரெகார்ட் கட்டளையால் பத்து விநாடி ஒலியைப் பதிந்து, அதைத் திரும்பக் கேட்க வேண்டும். வானொலியின் இரைச்சல் அதில் தெளிவாகக் கேட்டால் கீழடுக்குகள் யாவும் சரி என்று பொருள். இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும் நேரத்தை வேறெதுவும் மிச்சப்படுத்தாது. மலிவான அட்டைகள் பலவற்றில் உள்ள சிஎம்108 சில்லின் உள்ளீடு ஒற்றைத் தடம் மட்டுமே கொண்டது. எச்டபிள்யூ என்ற நேரடிப் பெயரால் இரட்டைத் தடம் கேட்டால் அல்சா மறுத்துவிடும். பிளக்எச்டபிள்யூ என்ற பெயரால் கேட்டால் தடத்தையும், ஒலி விநாடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்ற மாதிரி வீதத்தையும் அதுவே மாற்றித் தரும்.

ஒலி வருகிறது, ஆனால் விட்டுவிட்டு வருகிறது என்றால் யூஎஸ்பி இயங்கும் விதத்தை அறிந்திருப்பது உதவும். இத்தகைய அட்டைகள் ஒரு மில்லிவிநாடிக்கு ஒரு பொதியாக ஒலியை அனுப்புகின்றன. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் பொதிக்கு 48 மாதிரிகள். கோப்புகளைப் பிரதி செய்யும்போது பழுதுபட்ட பொதி மீண்டும் கேட்டு வாங்கப்படும். ஒலிக்கோ அந்த ஏற்பாடு கிடையாது. குறித்த நேரத்துக்குப் புறப்படும் ரயிலைப் போல, தவறியது தவறியதுதான். பேச்சில் பத்து மில்லிவிநாடி காணாமற் போனால் நம் காது பொருட்படுத்தாது. ஆனால் ஒவ்வொரு விநாடியும் அவ்வளவு தொலைந்தால், 12.64 விநாடி நீளமான ஓர் எஃப்டி8 செய்தியின் கடைசிக் குறியீடுகள் ஏறத்தாழ 126 மில்லிவிநாடி முன்னே நகர்ந்து, ஒரு குறியீட்டின் நீளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். திரையில் சைகை பளிச்சென்று தெரிந்தும் எழுத்தாக மாறாமல் போவதற்கு இது ஒரு காரணம். பல கருவிகள் தொங்கும் ஹப்பிலிருந்து கழற்றி, அட்டையைக் கணினியிலேயே நேராகச் செருகுவது பெரும்பாலும் போதுமானது.

அதே அறிகுறிக்கு ஒலியோடு தொடர்பே இல்லாத இன்னொரு காரணமும் உண்டு. எஃப்டி8 நிலையங்கள் யாவும் 15 விநாடிக் கட்டங்களில் இயங்குவதால், கணினியின் கடிகாரம் இரண்டு மூன்று விநாடி பிசகினாலே பெரும்பாலும் எதுவும் படிக்கப்படாது. அட்டையைக் குறைசொல்லுமுன் கடிகாரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

நேற்று வேலை செய்த அட்டை இன்று ஊமையானால், பெயர் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்சா அட்டைகளுக்கு எண்ணிடுவது அவை கண்டறியப்பட்ட ஒழுங்கில். கணினியை மீள இயக்கும்போது அட்டை 1 அட்டை 2 ஆகலாம். எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கொடுப்பது பாதுகாப்பானது. ஒரே வகைச் சில்லுடைய இரண்டு அட்டைகள் இருந்தால் பெயரும் குழம்பும். அவற்றில் தொடரெண் இல்லாதபோது, எந்தச் செருகுவாயில் இருக்கிறது என்பதை வைத்து நிலையான பெயர் சூட்டும்படி, கருவிகளுக்குப் பெயரிடும் லினக்ஸ் ஏற்பாடான யுடெவ்வுக்கு ஒரு விதி எழுதுவதே தீர்வு.

ஒலி மட்டங்களைச் சரிசெய்யும் அல்சாமிக்சர் நிரலில் எஃப்6 விசையால் சரியான அட்டையைத் தெரிவுசெய்து, உள்ளீடு அடைக்கப்படாதிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். சிஎம்108இன் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டை அங்கேயே அணைத்துவிடுவது அவசியம், ஏனெனில் பக்கத்தில் ஒரு வலுவான நிலையம் ஒலிக்கும்போது அது முழு உள்ளீட்டையும் தாழ்த்தி மெலிந்த சைகைகளைப் புதைத்துவிடும். சைகை எதுவும் இல்லாத வெறும் இரைச்சலுக்கு மென்பொருளின் மட்டமானி 30 டெசிபெலுக்கு அருகில் நின்றால் போதும்.

சேவையக அடுக்கில் இரண்டு தொல்லைகள் வழக்கமானவை. ஒரு நிரல் அட்டையை நேரடியாகப் பிடித்திருக்கும்போது மற்றொன்று கேட்டால், கருவி வேலையாக உள்ளது என்ற மறுப்பு வரும். எந்த நிரல் பிடித்திருக்கிறது என்பதை ஃபியூசர் கட்டளை காட்டும். மற்றது சற்று வெட்கக்கேடானது: வானொலிக்கான அட்டையே இயல்புநிலை ஒலிக்கருவியாக இருந்தால், மின்னஞ்சல் வந்த மணியோசையும் சேர்ந்து எஃப்டி8 மீடிறன்களுள் ஒன்றான 7.074 மெகாஹேர்ட்ஸில் ஒலிபரப்பாகிவிடக்கூடும்.

கேட்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்து, அனுப்பத் தொடங்கியதும் அட்டை மறைந்துபோனால், மென்பொருளை விட்டு அன்டெனாவைப் பார்க்க வேண்டும். கொழும்பின் வெள்ளவத்தை மாடிவீடுகளில் பல்கனிக்கும் மேசைக்கும் இடையே சில மீற்றர்களே இருக்கும், மற்றோர் எஃப்டி8 மீடிறனான 14.074 மெகாஹேர்ட்ஸின் அலைநீளமோ 21 மீற்றருக்கும் சற்று மேல். அதாவது யூஎஸ்பி கம்பி அன்டெனாவின் அருகாமைப் புலத்துக்குள்ளேயே கிடக்கிறது. கம்பியின் உறையின் வெளிப்புறத்தில் ஓடும் வானொலி மின்னோட்டம் பொதிகளைக் குழப்ப, கேர்னல் அட்டையைத் துண்டித்து மீண்டும் இணைக்கிறது. கேர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் பதிவில் இது நேரத்தோடு எழுதப்பட்டிருக்கும். வலுவை 5 வாற்றுக்குக் குறைத்ததும், அல்லது அன்டெனாவுக்குப் பதிலாக, வலுவை வெளியே பரப்பாமல் வெப்பமாக்கிவிடும் போலிச்சுமையை இணைத்ததும் தொல்லை நின்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. கம்பியைக் குட்டையாக்கி, வானொலி மின்னோட்டத்தைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தினூடாகப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும்: எதிர்ப்பு ஏறத்தாழச் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மூன்று சுற்று ஒரு சுற்றைவிட ஒன்பது மடங்கு பயன்தரும். குறுக்குத் தெருக் கடைகளில் கிடைக்கும் வளையங்கள் எந்தக் கலவை என்று பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பதில்லை. இந்த மீடிறன்களுக்கு 31 என்ற எண்ணுடைய கலவையைத் தேடி வாங்குவதே மேல்.